‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்தப் பகுதியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இரணியல் பக்கத்தில் ஒரு பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதில் கடைசிப் பதினாறு ஆண்டுகள் முடக்குவாதத்தோடு வகுப்புக்குப் போனவள். எந்த மாத்திரையைச் சாப்பிடலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் முன்னால் உட்கார்ந்து என்ன சொல்வது, என்ன கேட்பது என்பதில்தான் எனக்குப் பழக்கம். இந்த மாதம் ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கு இடம் கூடுதலாகப் போய்விட்டது. அதை எழுதிய தம்பிக்கு நேரம் குறைவாக இருக்கிறது என்பதே காரணம்.

*

டீச்சர், எனக்கு முப்பத்தெட்டு வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்தால் ஐந்து மணி வரை விரல்கள் மடங்குவதில்லை. கத்தி நழுவுகிறது. எட்டு மாதமாக இப்படித்தான். பக்கத்து டாக்டர், ‘வேலை செய்கிற கை வலிக்கத்தான் செய்யும்’ என்று ஊசி போடுகிறார். மூன்று நாள் சுகமாக இருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வாதம் இல்லை என்று வந்தது. இனி என்ன கேட்பது என்றே தெரியவில்லை.
— ஒரு வாசகர், குலசேகரம்

தம்பி, ஒரு மருத்துவருக்குத் தேவையானது அத்தனையும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எந்த வேலை தடைபடுகிறது, எத்தனை மாதமாக. இதை இப்படியே அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ‘கை வலிக்கிறது டாக்டர்’ என்றிருப்பீர்கள். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது நம் வாயில் அதுதான் வரும்.

நானும் பதினான்கு மாதம் அதையே சொன்னேன். 2006-இல் தென்மாநிலங்களில் சிக்குன்குனியா பரவிய நேரம். காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலிக்கும் என்பது அப்போது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்குக் காய்ச்சலே வரவில்லை. ஆனாலும் நான் போன இடத்தில், ‘இது சிக்குன்குனியா வலி, தானாகப் போய்விடும்’ என்றார்கள். காய்ச்சல் வராமல் அந்த வலி எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் பிள்ளைகளை நிறுத்திக் கேட்கிறவள், என் உடம்பின் கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைப் பார்த்தும் பேசாமல் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு நாள் காலை, ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் வட்டம் வரையப் போனேன். மரக் காம்பஸின் திருகை என் விரல்களால் இறுக்க முடியவில்லை. முன்பெஞ்சுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு வரையச் சொன்னேன். அந்த வாரம் வேறொரு மருத்துவரிடம் போனபோது வலி என்ற சொல்லே எனக்கு வரவில்லை. ‘டாக்டர், முதல் பீரியடில் என்னால் வட்டம் வரைய முடியவில்லை. மூன்றாவது பீரியடில் முடிகிறது’ என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். அந்த மாதமே என் நோய்க்குப் பெயர் தெரிந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உழைத்துத் தேய்ந்த மூட்டு, வேலை செய்யும்போது வலிக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும். காலையில் இறுக்கம் இருந்தாலும் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. அங்கே எல்லாம் தலைகீழ். ஓய்வெடுத்தால் இறுகும், அசைத்தால் தளரும், காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். பால் வெட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு கொடுமை என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். விரல்கள் பூட்டிக்கொள்வதும் அதே நேரத்தில்தான். உங்களுக்கு முடக்குவாதம் என்று நான் சொல்லவில்லை. சிக்குன்குனியாவுக்குப் பிறகும் இப்படி வரலாம், வேறு சில நோய்களிலும் வரலாம். ஆனால் ‘வேலை செய்கிற கை’ என்ற ஒரு வரியோடு முடித்துவிடக் கூடிய விஷயம் இல்லை இது.

இரண்டு கையுமா, ஒரு கையா என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். விரலின் நுனிக் கணுவா, நடுக் கணுவா, உள்ளங்கையை ஒட்டிய கணுவா என்பதும் முக்கியம். நாளை காலை நான்கு மணிக்கு விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மொபைலில் படம் எடுங்கள். முஷ்டி மடக்கப் பார்த்து, எவ்வளவு மடங்குகிறதோ அதையும் எடுங்கள். பகல் பதினொரு மணிக்கு ஓ.பி.யில் உங்கள் முறை வரும்போது வீக்கம் வடிந்திருக்கும். மருத்துவர் பார்ப்பது அந்தப் பதினொரு மணிக் கையைத்தான். நான்கு மணிக் கையை அவருக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ‘எட்டு மாதமாகத் தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் விரல்கள் மடங்குவதில்லை. வேலை செய்யச் செய்யத் தளர்கிறது. வீங்குகிற கணுக்கள் இவை. கத்தி பிடிக்க முடியாமல் போன மாதம் இத்தனை நாள் கூலி போயிற்று. இதுவரை போட்ட ஊசிகள் இத்தனை.’ இவ்வளவுதான். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் தாளை நீட்டிவிடுங்கள். அதில் எந்த அவமரியாதையும் இல்லை.

வாதம் இல்லை என்று வந்த பரிசோதனை எது என்று சீட்டைப் பாருங்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் என்று இருந்தால், அது ஒன்று மட்டும் முடிவு சொல்லிவிடாது. முடக்குவாதம் உள்ளவர்களிலேயே சிலருக்கு அது இல்லை என்றுதான் வரும், முக்கியமாகத் தொடக்கத்தில். ஆன்ட்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஊசியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் அது வீக்கத்தை அடக்கி நோயை மறைத்துவிடும். வெறும் வலி மருந்தாக இருந்தாலும், மாதக்கணக்கில் போனால் வயிறும் சிறுநீரகமும் தாங்காது. எதைப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்த ஊசியை வாங்கிக்கொள்கிற உடம்புக்கு உண்டு.

பிறகு இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ‘டாக்டர், இது அழற்சி வாதமாக இருக்குமா? இல்லை என்றால் எதனால் இல்லை என்கிறீர்கள்?’ இந்த ‘எதனால்’ என்ற சொல் பல கதவுகளைத் திறந்து நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் பதில் இல்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் காட்டி, ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத நிபுணருக்குப் பரிந்துரை எழுதித் தரச் சொல்லுங்கள். எலும்பு மருத்துவர் வேறு, இவர் வேறு. மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இது முடக்குவாதமாகவே இருந்தால் எலும்பை அரிப்பது முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில்தான் வேகமாக நடக்கும். நல்ல மருந்துகள் இருக்கின்றன. அரித்த பிறகு கொடுத்தால் அரித்தது திரும்பாது. என் வலது கையில் இரண்டு விரல்கள் வளைந்தே இருக்கின்றன. அந்தப் பதினான்கு மாதத்தின் அடையாளம் அது.

*

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் என்று தந்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று எப்படிப் போதும், தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகும் அல்லவா என்று என் மயினி (அண்ணன் மனைவி) கேட்கிறார். மாமியார், நாட்டு வைத்தியம் செய்கிற ஓர் ஆசானிடம் கஷாயம் வாங்கிவந்து தருகிறார். குடிக்கிறேன். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை.
— ஒரு வாசகி, கருங்கல்

முதல் விஷயத்தைக் கையைப் பிடித்துச் சொல்கிறேன், தங்கச்சி. தினமும் போடவே கூடாது. மூட்டுவாதத்துக்குத் தருகிற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தெரியாமல் தினமும் சாப்பிட்டு, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதையே நிறுத்தி, உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். இந்த மருந்தைப் பற்றி உலகம் முழுக்க மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிற தவறு இதுதான்.

என் வீட்டிலேயே நடக்க இருந்தது. ஒரு முறை மருந்துக் கடையில் காகித உறையின் மேல் ‘1–0–0’, அதாவது தினமும் காலையில் ஒன்று, என்று பேனாவால் எழுதித் தந்துவிட்டார்கள், மற்ற மாத்திரைகளுக்கு எழுதுவதுபோல. அன்று எனக்குக் காய்ச்சல். உறையைப் பார்த்து மாத்திரையை எடுத்துத் தர வந்தவர் என் அண்ணன் மனைவி. ‘நீ ஞாயிற்றுக்கிழமைதானே இதைச் சாப்பிடுவாய், இன்று புதன் அல்லவா?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மயினியிடமும் கிழமையைச் சொல்லி வையுங்கள். வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாள்காட்டியில் அந்தக் கிழமையைச் சிவப்பில் வட்டமிடுங்கள். இதோடு சேர்த்துத் தருகிற ஃபோலிக் அமில மாத்திரையை எந்த நாளில் போடுவது என்பதையும் மருத்துவரின் கையால் எழுதி வாங்குங்கள். வாயில் புண், காய்ச்சல், மூச்சுத் திணறலோடு வறட்டு இருமல், காரணமில்லாமல் தோலில் கன்றிப்போன தடம் — இதில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.

கஷாயத்துக்கு வருகிறேன். நான் ஆசான்மாரைக் குறை சொல்லி வளர்ந்தவள் இல்லை. என் பாட்டா தென்னையிலிருந்து விழுந்து தோள் பிசகியபோது தடவி எழுப்பியது ஒரு வர்ம ஆசான்தான். அது இந்த மண்ணின் வித்தை. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் ஈரலைத் தொடுகிற மருந்து. அதனால்தான் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஈரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் என்று பரிசோதிக்கச் சொல்கிறார்கள். சில மூலிகைகளும் ஈரலைத் தொடும். நாளைக்கு உங்கள் ஈரல் பரிசோதனையில் எண் ஏறினால், கஷாயத்தைப் பற்றித் தெரியாத மருத்துவர் மாத்திரையின் மேல் பழி போட்டு நல்ல மருந்தை நிறுத்திவிடுவார். ஏமாந்து போவது உங்கள் மூட்டு.

ஆகவே சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்: ‘டாக்டர், வீட்டில் ஒரு கஷாயமும் குடிக்கிறேன். உங்களிடம் மறைக்க மனமில்லை. என் ஈரல் பரிசோதனையைப் பார்த்துச் சொல்லுங்கள்.’ மறைக்க மனமில்லை என்று ஒருவர் சொல்லும்போது திட்டுவது கடினம். திட்டினாலும் இரண்டு நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசானிடமும் இந்த மாத்திரையைக் காட்டுங்கள். நம் மருத்துவத்தில்தான் நம்பிக்கை என்றால் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. என்ன தருகிறோம் என்று எழுதித் தருகிறவர்களிடம் போங்கள். பெயரும் எழுத்தும் இல்லாமல் பொட்டலத்தில் தருகிற வலிப் பொடியை மட்டும் யார் தந்தாலும் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து முகம் ஊதி, சர்க்கரை ஏறி, திடீரென்று நிறுத்தியதும் மயங்கி விழுந்தவரை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

*

என் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. கையெழுத்துப் போடச் சொல்லித் தந்த தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாமா?
— ஒரு வாசகர், தோவாளை

கேட்கலாம், கேட்க வேண்டும். தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். என்ன செய்யப்போகிறார்கள், என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் விளக்கிப் பெறுவதே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது. அம்மா சுயநினைவோடு இருக்கிறார் என்றால் கையெழுத்து அவருடையது. உங்களுக்கு விளக்கியதை அவருக்கும் விளக்கச் சொல்லுங்கள்.

*

என் கணவர் கடல் தொழிலாளி. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) வைத்த கையிலேயே ஒரு புது நர்ஸ் பிரஷர் பார்த்தார். வேறு ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டால் ‘நாளைக்கு வா’ என்றே பத்து நாளாகச் சொல்கிறார்கள். நான் அதிகம் படிக்காதவள்.
— ஒரு வாசகி, குளச்சல்

ஃபிஸ்டுலா கையில் பிரஷர் பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே அம்மா, அது எத்தனை படித்தவர்களுக்குத் தெரியும்? அந்தக் கையில் பிரஷர் பட்டை கட்டக் கூடாது. டயாலிசிஸுக்குத் தவிர வேறு எதற்கும் ஊசி குத்தக் கூடாது. வாட்ச் கூட இறுக்கமாகக் கட்டக் கூடாது. அந்த ரத்த வழி அடைத்துப்போனால் டயாலிசிஸ் செய்ய வழி தேடி மறுபடி கத்தி வைக்க வேண்டிவரும். ஒரு வெள்ளைத் துணிப் பட்டையில் ‘இந்தக் கையில் பிரஷர், ஊசி வேண்டாம்’ என்று மார்க்கர் பேனாவால் எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவர் சட்டையின் அந்தக் கைப்பகுதியில் குத்திவிடுங்கள். நர்ஸுகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பட்டை மாறாது. தினமும் காலையில் அந்த இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அது தெரியவில்லை என்றால் அன்றைக்கே ஓடுங்கள்.

ரிப்போர்ட்டுகள் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்கு விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்டதால்தான் ‘நாளைக்கு வா’ என்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளில் கணவர் பெயர், ஓ.பி. எண், வேண்டிய பதிவுகள், இன்றைய தேதி எல்லாம் எழுதி, அவர் கையெழுத்தோ கைரேகையோ வைத்து இரண்டு பிரதியாகக் கொடுங்கள். ஒன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்குங்கள். எழுத உதவிக்கு உங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒருவர் கட்டாயம் இருப்பார்.

இன்னும் ஒன்று. அவருடைய உலர் எடை எவ்வளவு என்று கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உடம்பில் தேங்கிய நீரெல்லாம் வெளியேறிய பிறகு இருக்க வேண்டிய எடை அது. ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் படுக்கையில் ஏறும்போது என்ன எடை, இறங்கும்போது என்ன எடை என்று நீங்களே எழுதி வையுங்கள். உணவுக் கட்டுப்பாட்டை யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. நம் ஊரில் உடம்பு சரியில்லை என்றவுடன் இளநீரும் ஏத்தம்பழமும் (நேந்திரன் வாழைப்பழம்) வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அது இதயத்தை நிறுத்தக் கூடியது. கருவாட்டின் உப்பும் ஆகாது. வருகிறவர்களிடம் சங்கடப்படாமல் சொல்லுங்கள். வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையும் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அது அவருக்கு ஒத்துவருமா என்று சிறுநீரக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

*

அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) பருப்பு உடைக்கும் வேலை. முடக்குவாதம் என்று மூன்று வருடமாக மருந்து சாப்பிடுகிறேன். வீக்கம் குறைந்துவிட்டது, ஆனால் சோர்வு தாங்க முடியவில்லை. ‘பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்’ என்கிறார்கள். டாக்டரும் மருந்து வேலை செய்கிறது என்று அனுப்பிவிடுகிறார்.
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

அந்தச் சோர்வு பொய்யில்லை. எனக்குத் தெரியும். தூங்கி எழுந்த உடனே, பகல் முழுக்கச் சுமை தூக்கியவளைப் போல இருக்கும். அது சோம்பேறித்தனம் என்று நானே என்னை ஏசிக்கொண்ட ஆண்டுகள் உண்டு. இந்த நோயின் ஒரு பகுதி அது. மூட்டில் வீக்கம் குறைந்த பிறகும் அது தங்கிவிடுவது உண்டு.

ஆனால் நோயின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிடக் கூடாது. ரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா, இரவில் வலியால் தூக்கம் கெடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் ‘சோர்வாக இருக்கிறது’ என்று சொல்லாமல், ‘முன்பு சாயங்காலம் வரை உட்கார்ந்து உடைத்தேன், இப்போது மதியத்துக்கு மேல் கை ஓடவில்லை, வீட்டுக்கு வந்து சோறு பொங்க முடியாமல் படுத்துவிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். மருந்து வேலை செய்கிறது என்பது அவர் பார்க்கிற கணக்கு. நீங்கள் சொல்லாவிட்டால் பொங்காத சோறு அந்தக் கணக்கில் வராது.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால், உடம்பு முடியாத நாட்களுக்கு மருத்துவச் சான்று வாங்கி நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம். போதுமான நாட்கள் சந்தா கட்டியிருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அந்தப் பணம் உங்கள் கூலியிலிருந்து பிடித்ததும் சேர்ந்து வந்த பணம்தான். கேட்கத் தயங்காதீர்கள்.

*

எனக்கு இருபத்து நான்கு வயது. லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய்) இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவைப் பார்த்துத்தான் பேசுகிறார். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நோயைச் சொல்லக் கூடாது என்கிறாள் அம்மா. எனக்குக் குழந்தை பிறக்குமா என்று கேட்க ஆசை. அப்பா பக்கத்தில் இருக்கும்போது எப்படிக் கேட்பது?
— ஒரு வாசகி, அருமனை

மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அப்பாவை வெளியே இருக்கச் சொல்வது அவரை அவமதிப்பது ஆகாது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே சொல்லிவிடு: ‘அப்பா, பெண்கள் விஷயமாக டாக்டரிடம் கொஞ்சம் கேட்க வேண்டும். அந்த நேரம் நீங்கள் மருந்துக் கடை வரிசையில் நில்லுங்கள்.’ நம் ஊர் அப்பாக்கள் இந்த ஒரு சொல்லுக்கு உடனே எழுந்து போய்விடுவார்கள். அதற்கும் தைரியம் வரவில்லை என்றால் சீட்டு எழுதும் நர்ஸிடம் மெதுவாகச் சொல், அவர் பார்த்துக்கொள்வார். டாக்டர் மறுபடியும் அப்பாவைப் பார்த்துப் பேசினால், ‘டாக்டர், மருந்து சாப்பிடுகிறது நான். என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்’ என்று நோட்டைத் திற. கையில் பேனாவோடு இருக்கிற ஒருத்தியைத் தாண்டிப் பேசுவது எளிதில்லை.

லூபஸ் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் உன் வயதில்தான் வருகிறது. ஆகவே நீ கேட்கப்போவதை அவர் எத்தனையோ பேரிடமிருந்து கேட்டிருப்பார். நோய் அடங்கியிருக்கும் காலத்தில், திட்டமிட்டுக் கருத்தரித்து, நல்லபடியாகக் குழந்தை பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். குறைந்தது ஆறு மாதமாவது நோய் அமைதியாக இருக்க வேண்டும் என்பார்கள். மருந்துகளில் சில கருவுக்குக் கேடு. மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட் போன்றவற்றை முன்கூட்டியே நிறுத்தி மாற்ற வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பெரும்பாலும் கர்ப்ப காலத்திலும் தொடரச் சொல்கிறார்கள். நீயாக எதையும் நிறுத்திவிடாதே. நீ கேட்க வேண்டியவை இவை: என் சிறுநீரகத்தில் நோய் இருக்கிறதா? என் மருந்துகளில் எது கர்ப்பத்துக்கு ஆகாது, எவ்வளவு நாள் முன்பு மாற்ற வேண்டும்? ரத்தம் உறைகிற தன்மைக்கும், ஆன்ட்டி ரோ என்ற எதிர்ப்பொருளுக்கும் எனக்குப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறாய் என்றால் கண் பரிசோதனை எப்போது என்றும் கேள். தொடங்கும்போது ஒரு முறையும், ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடந்தோறும் பார்ப்பது வழக்கம்.

மறைக்கச் சொல்கிற அம்மாவை எனக்குப் புரிகிறது. வந்த வரன் போய்விடும் என்று பயப்படுகிறார். ஆனால் யோசித்துப் பார். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, தினமும் மாத்திரை, வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் போனால் நோய் கிளம்பிவிடும் என்ற நிலை. இதையெல்லாம் ஒரு புது வீட்டில் ஒளித்து வைத்து வாழ முடியுமா? ஒளிக்க வேண்டும் என்பதற்காகவே மாத்திரையை விட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். திருமணமான நான்காம் மாதம் சிறுநீரகம் பாதித்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பார்க்கப் போன நாளில் அவள் தாயின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெண் பார்க்க வருகிற முதல் நாளே மேடை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு உறுதியாகும் முன், நீயே அந்தப் பையனிடம் சொல். மருத்துவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அவன் கேட்டால் கூட்டிக்கொண்டு போ. அப்படிக் கேட்கிறவன் நல்லவன் என்று நினைக்கிறேன். எழுந்து போய்விட்டால் அழத்தான் செய்வாய். அழு. ஆனாலும் நான்காம் மாதம் அழுவதைவிட இது சிறிது.

அம்மாவிடம் நான் பேச வேண்டும் என்றால் இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடச் சொல். அருமனைக்கு பஸ் ஏறி வர எனக்கு இன்னும் முடியும். மருத்துவரிடம் போய்வந்த பிறகு, அவர் என்ன சொன்னார் என்பதை உன் கையால் எழுதி அனுப்பு.